திறந்தவுடன் மூடிக்கொள்ளும் உலாவி: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன், இங்கும் நலமே. ஆனால் கடிதத்தின் பிற்பாதியைப் படித்ததும் கவலை வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் திறந்த சில நொடிகளில் அது தானாக மூடிக்கொள்கிறது என்றும், அதை அழித்துவிட்டு மறுபடி நிறுவியும் பயனில்லை என்றும், இனி கணினியையே ஃபார்மேட் செய்வதுதான் வழி என்று ஒருவர் சொல்லியிருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். மொழிபெயர்ப்பு வேலைக்காக ஆண்டுக்கணக்கில் சேர்த்த புக்மார்க்குகள் அதில்தான் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். ஆகவே, தயவுசெய்து ஃபார்மேட் செய்ய இப்போது சம்மதிக்காதே.

மறுபடி நிறுவியும் ஏன் சரியாகவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. உலாவியின் நிரல் ஓரிடத்திலும், உன்னுடைய தரவுகள் 'புரொஃபைல்' என்னும் தனிக் கோப்புறையில் வேறோரிடத்திலும் இருக்கின்றன. நீ அழித்து நிறுவியது நிரலை மட்டும்தான்; புதிய நிரல் வந்தவுடன் அதே பழைய புரொஃபைலைத் திறந்து, அதே இடத்தில் மறுபடி விழுந்து மூடிக்கொள்கிறது. இதை நான் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உன் புக்மார்க்குகள் இன்னும் அங்கேயே இருக்க வேண்டும்.

எனவே, வேறு எதையும் தொடுவதற்கு முன் அந்தக் கோப்புறையை நகலெடுத்து வைத்துவிடு. ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் ஃபயர்ஃபாக்ஸ் எதுவும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே 'ஆப்டேட்டா' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய். திறக்கும் கோப்புறைக்குள் மொசில்லா, அதற்குள் ஃபயர்ஃபாக்ஸ், அதற்குள் புரொஃபைல்ஸ் என்று போனால், பொருளற்ற சில எழுத்துகளும் எண்களும், பின் ஒரு புள்ளியும், 'டிஃபால்ட்-ரிலீஸ்' என்ற சொல்லுமாகப் பெயர்கொண்ட ஒரு கோப்புறை இருக்கும். அதை முழுதாக ஒரு பென் டிரைவில் போட்டுவை. அதற்குள் 'பிளேசஸ்.எஸ்கியூலைட்' என்ற கோப்பில்தான் உன் புக்மார்க்குகளும் பார்த்த பக்கங்களின் வரலாறும் சேர்ந்தே இருக்கின்றன. பாஸ்வேர்டுகள் 'லாகின்ஸ்.ஜேசன்' கோப்பில் பூட்டப்பட்டும், அந்தப் பூட்டின் சாவி 'கீ4.டிபி' கோப்பிலும் இருப்பதால், இவ்விரண்டில் ஒன்றை மட்டும் நகலெடுத்தால் பயனில்லை. முழுக் கோப்புறையையும் எடு என்று வற்புறுத்துவது இதனால்தான்.

நகல் கைக்கு வந்தபின் விசாரணையைத் தொடங்கலாம். ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி உலாவியின் ஐகானை இரட்டைச் சொடுக்குச் செய். முன்பு சேஃப் மோடு என்றிருந்து, 2021-இல் 88-ஆம் பதிப்பில் ட்ரபிள்ஷூட் மோடு என்று பெயர் மாறிய நிலையில் திறக்கவா என்று ஒரு சிறு பெட்டி கேட்கும். அதிலேயே 'ரிஃப்ரெஷ்' என்ற பொத்தானும் இருக்கும். அவசரத்தில் அதை அழுத்திவிடாதே, 'ஓப்பன்' மட்டும் போதும். இந்த நிலையில் நீட்சிகள், அதாவது உலாவியில் நாம் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்கள், எல்லாம் முடக்கப்படுகின்றன, தீம் பழைய இயல்புநிலைக்குப் போகிறது, திரையை வரைய கிராஃபிக்ஸ் கார்டின் உதவியைப் பெறும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் அணைக்கப்படுகிறது. இப்படித் திறந்து நிலைத்து நின்றால், குற்றவாளி பெரும்பாலும் இவற்றுக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். பலர் உடனே நீட்சிகளைச் சந்தேகிக்கிறார்கள். நான் முதலில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அமைப்புகளில் அணைத்துவிட்டு, வழக்கம்போல் திறந்து பார்ப்பேன், ஏனென்றால் அது சில சொடுக்குகளிலேயே முடிகிற சோதனை. அதனால் சரியானால் கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் நீட்சிகளில் பாதியை முடக்கிப் பார், பிறகு சந்தேகத்துக்குரிய பாதியில் மறுபடி பாதி. பதினாறு நீட்சிகள் இருந்தாலும் நான்கே சுற்றில் ஒன்று மிஞ்சிவிடும். இரண்டு நீட்சிகள் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் அரிய நிலையில் மட்டும் இந்த முறை ஏமாற்றக்கூடும்.

ட்ரபிள்ஷூட் மோடிலும் விழுந்தால், முன்போலவே விண்டோஸ், ஆர் விசைகளை அழுத்தி, ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயரை அடுத்து ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் ஆங்கிலப் பெரிய எழுத்து 'பி'யும் சேர்த்து ஆங்கிலத்திலேயே கொடு. புரொஃபைல் மேனேஜர் திறக்கும். அங்கே புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள், பழையதை நீக்காதே. புதியது நன்றாக ஓடினால் பழைய புரொஃபைலில் ஏதோ ஒரு கோப்பு கெட்டிருக்கிறது, அவ்வளவுதான். மேலே சொன்ன மூன்று கோப்புகளையும், உலாவி மூடியிருக்கும்போது, புதிய கோப்புறைக்குள் கொண்டுவந்து வைத்தால் உன் புக்மார்க்குகளும் பாஸ்வேர்டுகளும் திரும்பிவிடும்.

புதிய புரொஃபைலும் விழுந்தால் பழி வெளியே இருக்கிறது. சென்ற மாதம் என் கணினியில் நேர்ந்தது இதுதான். ஆன்டிவைரஸ் மென்பொருள் ஒன்று தன்னைப் புதுப்பித்துக்கொண்டதும் உலாவி திறக்க மறுத்துவிட்டது. இத்தகைய மென்பொருள்கள் கண்காணிப்புக்காகத் தங்கள் டிஎல்எல் கோப்புகளை, அதாவது பிற நிரல்களுக்குள் ஏற்றப்படும் நிரல் துணுக்குகளை, உலாவியின் இயக்கத்துக்குள் நுழைப்பதுண்டு. அந்தக் கோப்பில் பிழை இருந்தால் சாய்வது உலாவி, ஆனால் பழியும் உலாவிக்கே போகிறது. கணினியில் நடப்பவற்றைப் பதிந்துவைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளைத் திறந்து, சிவப்புக் குறியிட்ட வரியைச் சொடுக்கினேன். பிழைக்குக் காரணமான மாட்யூல் என்ற இடத்தில் அந்த ஆன்டிவைரஸின் டிஎல்எல் பெயர் தெளிவாக நின்றது. அதன் அடுத்த புதுப்பிப்பை நிறுவியதும் சரியாகிவிட்டது. பல வேறு நிரல்களும் இப்படி விழுகின்றன என்றால் மட்டும், விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் கருவியால் கணினியின் தற்காலிக நினைவகமான ரேமைச் சோதித்துவிடு.

பழைய பதிப்பை நிறுவிப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம். பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாத பதிப்பில் வங்கி வேலை பார்ப்பது எனக்கு உவப்பில்லை. தவிர, 2019-இல் வந்த 67-ஆம் பதிப்பிலிருந்து, புதிய பதிப்பு பயன்படுத்திய புரொஃபைலைப் பழைய பதிப்பில் திறக்க ஃபயர்ஃபாக்ஸே தடுக்கிறது.

இன்னொன்றை உன் கடிதத்தில் தேடினேன், காணவில்லை. சாளரம் தோன்றுவதற்கு முன்பே மூடுகிறதா, அல்லது தோன்றி, பழைய டேப்கள் ஏற்றப்படும் நேரத்தில் மூடுகிறதா? முன்னது என்றால் எனக்கு டிரைவர் மீதும் ஆன்டிவைரஸ் மீதும் சந்தேகம் கூடும். பின்னது என்றால் நீட்சியையோ குறிப்பிட்ட ஒரு பக்கத்தையோ முதலில் பார்ப்பேன். எந்த வழியிலாவது ஒருமுறை திறந்துவிட்டால், முகவரிப் பட்டையில் 'அபவுட்' என்பதற்குப் பின் முக்காற்புள்ளியும் 'கிராஷஸ்' என்பதும் ஆங்கிலத்தில் இட்டுப் பார். புதிய புரொஃபைலில் திறந்தாலும் முந்தைய விபத்து அறிக்கைகள் அங்கே வரிசையாக இருக்கும். அவற்றில் கடைசியாக வந்ததன் எண்ணையும், ஷிஃப்ட் அழுத்தித் திறந்தபோது என்ன நடந்தது என்பதையும் எழுதியனுப்பு. நகல் எடுத்து முடித்துவிட்டாய் என்பதை மட்டும் கடிதத்துக்குக் காத்திராமல் தொலைபேசியிலேயே சொல்லிவிடு.

அன்புடன்,
ராகவன்