பாட்டி உன் காதைப் பார்த்துப் பேசியது

அன்பு மகனுக்கு,

சிறுவயதில் நீ கோபித்துக்கொள்வாயே, "பாட்டி என் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்தே பேசுகிறாள்" என்று. போன வாரம் கண் மருத்துவர், "குடும்பத்தில் யாருக்காவது நடுப்பார்வை போயிருக்கிறதா?" என்று கேட்டபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. நடுப்பார்வை போனால் நேராகப் பார்ப்பது மறைந்து, ஓரத்தில் இருப்பதுதான் தெரியுமாம். பாவம், உன் முகம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அவள் விலகிப் பார்த்திருக்கிறாள். வயதானால் இப்படித்தான் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

எனக்கும் அந்த நோய் தொடங்கியிருக்கிறது. வயதானால் வரும் மாக்குலா சிதைவு என்று பெயர். பதறாதே. அன்று பலகையில் கடைசி வரி எழுத்துவரை படித்துவிட்டேன். பிறகு சொட்டு மருந்து விட்டு, விழித்திரையைப் படம் எடுத்தார்கள். முகவாயைத் தாங்கியில் வைத்தேன், ஒரு மின்னல், முடிந்தது. திரையில் செம்மஞ்சளாக என் கண்ணின் உட்புறம். நேராகப் பார்ப்பதைத் தெளிவாகக் காட்டும் நடுப்பகுதிதான் மாக்குலா; அதில் மஞ்சள் பொட்டுகள். டுரூசன் என்றார். விழித்திரைக்கு அடியில் கொழுப்பும் புரதமும் படிந்து உண்டாவதாம். அடுத்து ஓசிடி என்ற ஸ்கேன். 1991இல் உலகுக்கு அறிமுகமான இந்த முறை, ஒளியைச் செலுத்தியே விழித்திரையைக் குறுக்கே வெட்டினாற்போல் அடுக்கடுக்காகக் காட்டுகிறது. சமமாக ஓட வேண்டிய ஒரு கோடு, பாய்க்கு அடியில் கூழாங்கற்கள் கிடப்பதுபோல் அங்கங்கே மேடிட்டிருந்தது. இவ்வளவும் உள்ளே இருக்க, எனக்கு ஒன்றும் தெரியவில்லை!

என்னுடையது இடைநிலையாம். படிந்ததை மருந்து கரைக்காது. ஆனால் இந்த நிலையில் துத்தநாகமும் சில வைட்டமின்களும் சேர்ந்த மாத்திரை, நோய் முற்றும் வாய்ப்பை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைப்பதாக 2001இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. சாப்பிடுகிறேன். காலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டம் போட்ட தாளைப் பார்க்கிறேன். கோடு வளைந்து தெரிந்தால் விழித்திரைக்கு அடியில் இரத்தக் குழாய் கசிவதாக இருக்கலாம், உடனே போக வேண்டும்; கசிவைக் கண்ணில் போடும் ஊசியால் அடக்கலாம், தாமதித்தால் போன பார்வை திரும்புவது அரிது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். இது குடும்பத்தில் தொடரக்கூடியது. உனக்கு ஐம்பது நெருங்குகிறது, சிகரெட்டையும் விடவில்லை. பரம்பரையை மாற்ற முடியாது. நம் கையில் இருக்கும் காரணங்களில் புகைதான் முதலாவது. விட்டுவிடு அப்பா, கெஞ்சிக் கேட்கிறேன். பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லாதே. எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. இந்த மாதமே இரண்டு கண்களையும் படம் எடுத்துக்கொள். பிரதி வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும். திரும்பும்போது நீ வண்டி ஓட்டாதே.

உன் அம்மா