அரை மணித்தியாலத்தில பாத்து முடிக்கிற இடமில்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கட பேப்பரில லாவோஸ் பயணக் கட்டுரை வாசிச்சன். அதில அந்த நாட்டுத் தலைநகர் வியந்தியானில பொய்க்கால் போட்டு விடுற கோப் நிலையத்தைப் பற்றியும் ஒரு பந்தி இருந்தது. வெடிக்காத குண்டும் பொய்க்காலும் வைச்சிருக்கிற மியூசியம், காசு இல்ல, "அரை மணித்தியாலத்தில் பார்த்து முடித்துவிடலாம்" எண்டு எழுதிட்டு அடுத்த பந்தியில மீகொங் கரையில இரவுச் சந்தைக்குப் போயிட்டார். நாலு நாளா அந்த ஒரு வரி எனக்குள்ள கிடந்து அரிக்குது, அதுதான் எழுதுறன்.

நானும் அங்க போனனான் ஐயா. மகள் பாங்கொக்கில வேலை செய்யிறாள், போன வருசம் என்னைக் கூப்பிட்டு ராவு ரயிலில தாய்லாந்து எல்லையில இருக்கிற நொங்காய் மட்டும் கொண்டுபோய் மீகொங் பாலத்தால அங்கால கூட்டிக்கொண்டு போனவள். மத்தியானம் உள்ளுக்குப் போன நான் பூட்டப் போறம் எண்டு சொன்ன பிறகுதான் வெளியில வந்தன்.

உள்ளுக்க மேலயிருந்து கம்பியில சின்னச் சின்ன உருண்டைக் குண்டுகள் தொங்குது, டென்னிஸ் பந்து அளவுதான், கொத்துக்குண்டுக்குள்ள இருந்து சிதறுறது, அந்தச் சனம் அதைப் பொம்பி எண்டு சொல்லுது. 1964இல இருந்து 1973 மட்டும் அமெரிக்காக்காரன் 5 லட்சத்து 80 ஆயிரம் தரம் பிளேனில வந்து 20 லட்சம் தொன்னுக்கு மேல கொட்டியிருக்கிறான், ஒன்பது வருசமா எட்டு நிமிசத்துக்கு ஒருக்கா எண்டு கணக்கு. பொம்பி மட்டும் 27 கோடி, அதில 30 வீதம் வரை வெடிக்காம மண்ணுக்குள்ள போயிட்டுதாம். இப்பவும் வயல் கொத்துறவன், பந்தெண்டு எடுக்கிற பிள்ளை, பழைய இரும்பு பொறுக்கி விக்கிறவன்தான் அதில அகப்படுறது. எங்களுக்கு இதை ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்ல.

அதுக்கங்கால பழைய கால்கள். நிலையத்தில புதுக்கால் போட வந்த ஆக்கள் கழட்டி விட்டுட்டுப் போன, வீட்டில தாங்களே செய்த கால்கள், மூங்கில், மரம், தகரம், குண்டின்ர இரும்பு. வரிசையாத் தொங்க விட்டிருக்கு. அதில ஒண்டைக் கண்டதும் நான் நிலத்தில இருந்திட்டன்.

எங்கட ஊர் மூதூர்ப் பக்கம். 2006இல சண்டைக்குள்ள வெளிக்கிட்டு கிளிவெட்டி முகாமில கிடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியாததில்ல. 2008இல விறகுக்குப் போன என்ர மனுசன் மிதிவெடியில இடது காலை முழங்காலுக்குக் கீழ குடுத்திட்டு வந்தார். யாழ்ப்பாணத்தில 1987இல இருந்து ஜெய்ப்பூர் கால் செய்யிற நிலையம் இருக்கு, ஆனா அங்க போற ஏ9 ரோட்டு பூட்டியிருந்த காலம், எப்பிடிப் போறது. பதினொரு மாசம் காத்திருந்தம். அந்தப் பதினொரு மாசமும் அவர் தானே செய்த காலோடதான் நடந்தவர், வேப்பங்கட்டை, அதுக்கு மேல எஸ்லோன் பைப் துண்டு, உள்ளுக்குத் தும்பும் பழைய சறமும், சைக்கிள் ரியூப்பால இறுக்கிக் கட்டினது. புண்ணாகி இரத்தம் ஊறும், ரெண்டு நாள் கழட்டி வைச்சிட்டு மூண்டாம் நாள் திரும்பவும் கட்டுவார். அந்தக் கால் இப்பவும் எங்கட அலுமாரிக்கு மேல இருக்கு, அவர்தான் இல்ல. வியந்தியானில தொங்கினது மூங்கில், எங்கடது வேம்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கட்டுரை எழுதின தம்பி அந்தக் கால்களுக்கு முன்னால எவ்வளவு நேரம் நிண்டவரோ தெரியேல்ல.

எழுதத் தொடங்கிட்டன், மற்றதையும் சொல்லுறன், குறை நினைக்காதேங்கோ. ஒரு டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு உங்கட ஆள் ஒருத்தர் கமராவோட வந்து என்ர மனுசனை வாசலில இருத்தி சறத்தை இன்னும் கொஞ்சம் உயத்தச் சொன்னவர். மரியாதையான மனுசன், உயத்தினார். படம் வந்தது, பேர் பிழையா வந்தது, கீழ "மனந்தளராத மாமனிதர்" எண்டு. மனுசனுக்கு அப்ப வேண்டியிருந்தது மாமனிதர் பட்டமில்ல, புது சொக்கட், வெட்டின காலை உள்ளுக்கு விடுற பொய்க்காலின்ர மேல் பகுதி. வெட்டின கால் வத்திக்கொண்டு போகும் ஐயா, சொக்கட் லூசாகும், உராயும். வளருற பிள்ளைக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாத்தோணும், பெரிய ஆக்களுக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா எண்டு கோப்பில நிண்ட பிள்ளை சொன்னவள். இங்க அஞ்சாறு வருசம் ஒரே காலைத் துணி சுத்திச் சுத்திப் போட்டவர்.

பிறகு 2017 டிசம்பரில எங்கட நாடு மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில சேந்தது, 2018 மார்ச்சில கொத்துக்குண்டுத் தடை ஒப்பந்தத்திலயும். பேப்பரில வந்ததை நானே அவருக்கு வாசிச்சுக் காட்டினன். "அதில கால் மாத்துறதுக்கு ஏதும் போட்டிருக்கோ" எண்டு கேட்டார். நீங்க ஒண்டும் போடேல்ல. ஆனா ஒப்பந்தத்தில இருக்கு, கொத்துக்குண்டு ஒப்பந்தத்தின்ர 5ஆம் உறுப்புரையில பாதிக்கப்பட்ட ஆக்களுக்கு மருத்துவமும் மறுவாழ்வும் குடுக்கோணும் எண்டு இருக்கு, மகள் போனில எடுத்துக் காட்டினவள். அவர் கேட்டு எத்தினையோ வருசம் கழிச்சு வியந்தியானில இருந்து எனக்கு அது தெரிய வந்தது.

ஏப்ரல் 9 வந்தா 1942இல திருகோணமலையில ஜப்பான் குண்டு போட்டதையும் சீனன்குடா எண்ணெய்த் தாங்கியையும் பற்றி எழுதுறியள். எழுதுங்கோ, நிலாவெளி ரோட்டு யுத்த மயானத்தில படுத்திருக்கிறதும் ஒவ்வொரு தாயின்ர பிள்ளையள்தான். ஆனா உயிரோட இருக்கிற எங்கட ஆக்கள் ஓட்டோவுக்குக் காசில்லாம கிளினிக் போகாம இருக்கிறதையும் ஒருக்கா எழுதுங்கோவன்.

நான் கேக்கிறது சின்ன விசயம். கால் அளவெடுக்கிற ஆக்கள் எங்கட மாவட்டத்துக்கு வாற நாளும் இடமும் உங்களுக்கு முன்கூட்டியே வரும்தானே. அதை ஒரு கிழமைக்கு முன்னம் போடுங்கோ. ஒருமுறை அவர்கள் வந்து போன மற்ற நாள் பேப்பரில படத்தோட வந்தது, அண்டைக்கு என்ர மனுசன் அதை மடிச்சு வைச்சிட்டு ஒண்டும் கதைக்கேல்ல. படம் தேவையில்ல, உள்பக்க மூலையில ரெண்டு வரி காணும். நாளுக்கு முன்னம் வந்தாச் சரி.

இப்படிக்கு,
உங்கட நெடுநாள் வாசகி,
திருகோணமலை.