நூருக்கு, எட்டு மாசம் கழிச்சு

நூரு,

எப்படி இருக்கன்னு கேக்கவே கூச்சமா இருக்கு. எட்டு மாசம். உன் புள்ள ரியாஸ் போயிட்டான்னு சேதி வந்த ராத்திரி போன்ல பேசுனோம், பேசுனோம்னு கூட சொல்ல முடியாது, நீ அழுத, நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். அதுக்கப்புறம் வைகைல டிக்கெட் போட்டேன், கேன்சல் பண்ணுனேன், மறுபடி போட்டேன், மறுபடி கேன்சல். உங்க அண்ணன காஜிமார் தெருவுல பாத்தப்ப, "ஏம்மா, நூரு உன்னையத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு"ன்னாரு, எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. ஏன் வரலன்னு இன்னைக்கு சொல்லிப்புடணும்னு உக்காந்திருக்கேன். நீளமாப் போகும், பொறுமையாப் படி.

மத்த சேதியெல்லாம் சட்டுன்னு சொல்லிர்றேன். என் மக அனிக்கு போன மாசம் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு, 2 கிலோ 900, சுகப்பிரசவம், தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. அவருக்கு சுகர் கொஞ்சம் எறங்கியிருக்கு. வத்சலா ரிட்டையர் ஆயிட்டா, இன்னமும் அதே கொண்டைதான், நீ பாத்தா மறுபடியும் பின்ன உருவிருவ. கண்ணாடி மேடத்துக்கு கண் ஆபரேஷன் ஆகி கண்ணாடியே வேணாம்னுட்டாங்களாம், இனி அவங்கள நாம என்னன்னு கூப்பிடுறதுன்னு யோசிச்சு வை.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

உனக்கு ஞாபகம் இருக்கா, 1989ல பெரிய வெள்ளிக்கிழமைக்கு முந்துன நாள், நான் ஊருக்குப் பொட்டி கட்டிக்கிட்டு இருந்தேன், நீ டிபன் பாக்ஸோட ஹாஸ்டல் ரூமுக்கு வந்த. பாத்திமா காலேஜுங்குறது நபி மகளார் பேருன்னு நீயும், போர்ச்சுகல்ல 1917ல மாதா காட்சி கொடுத்த ஊருன்னு நானும் மூணு வருஷமா அடிச்சுக்கிட்டோம்ல, கடைசில சிஸ்டர் வந்து அந்த ஊர்ப் பேரே அரபிப் பேருதான்னு சொல்லி ரெண்டு பேர் வாயையும் அடைச்சாங்களே, அதே ரூம்தான். அன்னைக்கு நான் சிலுவைப்பாதை புஸ்தகத்த எடுத்து பைல வச்சப்ப நீ ஒண்ணு கேட்ட. "ஒரு நபியோட அம்மா, பெத்த புள்ள ஆணியில தொங்குறத பாத்துக்கிட்டு நிக்கும்படியா அல்லாஹ் விடுவானாடி?"ன்னு. நான் கோவத்துல ஒரு வாரம் உன் கூட பேசல.

ரியாஸ் போன அன்னைக்கு எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்தக் கேள்விதான் நூரு. புள்ளையப் பறிகொடுத்த தாய்கிட்ட நாங்க என்ன சொல்லுவோம் தெரியுமா, மாதாவப் பாரு, அவளும் நின்னாள்லன்னு சொல்லுவோம். எங்கம்மா அப்படித்தான் சொல்லுவாங்க, எங்க தம்பி போனப்ப அவங்களுக்கும் அதைத்தான் சொன்னாங்க. கீழவெளி வீதி கோயில்ல வியாகுல மாதா நெஞ்சுல வாளோட நிக்கிறாங்கல்ல, எங்கம்மா அந்த முகத்தப் பாத்துத்தான் எந்திரிச்சு உக்காந்தாங்க. என்கிட்ட இருக்குற ஒரே ஆறுதல் அதுதான், அத உன்கிட்ட எடுத்துட்டு வர முடியாது. உங்க நம்பிக்கையில ஈஸா நபிய சிலுவையில அறையவே இல்ல, அவங்களுக்கு அப்படித் தோணுச்சு, அல்லாஹ் தன் பக்கம் உயர்த்திக்கிட்டான், குர்ஆன்ல சூரா நிஸாங்குற அத்தியாயத்துல இருக்குன்னு நீதான் எனக்கு சொல்லிக் கொடுத்த. அப்ப உங்க மர்யம் எந்தச் சிலுவை கிட்டயும் நிக்கல. ஆனா நீ நின்ன. இல்ல, நிக்கக் கூட உனக்கு கொடுத்து வைக்கல, சவூதியில தம்மாம்லயே அடக்கம் பண்ணிட்டாங்க. இத நெனச்சு நெனச்சுத்தான் டிக்கெட்ட கேன்சல் பண்ணுனேன். வெறுங்கையோட வர்றதுக்கு மனசு வரல.

இப்ப அனிக்கு வலி எடுத்த அன்னைக்கு நடந்தது கேளு. ஆஸ்பத்திரி வராண்டால நானும் ஜெபமாலையுமா உக்காந்திருக்கேன், பக்கத்து பெஞ்சுல ஒரு பாட்டி, வெள்ளைத் துப்பட்டி போட்டுக்கிட்டு சின்ன புஸ்தகத்த வச்சு மெல்ல ஓதிக்கிட்டு இருந்தாங்க. பேத்திக்கு தலப்பிரசவமாம். என்ன ஓதுறீங்கம்மான்னு கேட்டேன். "மர்யம் சூரா, புள்ளத்தாச்சிக்கு ஓதுவோம்மா"ன்னாங்க. பக்கத்துல ஒரு எவர்சில்வர் டப்பாவுல பேரீச்சம்பழம், கொட்டை எடுத்து ரெண்டு ரெண்டா பிட்டு வச்சிருந்தாங்க. எனக்கும் ஒண்ணு கொடுத்து, "உன் மகளுக்கும் கொடு, நர்ஸு விட்டா கொடு"ன்னாங்க. ஏன் பேரீச்சம்பழம்னு கேட்டேன், அதுக்குத்தான் அவங்க கதைய சொன்னாங்க. நாம மூணு வருஷம் அடிச்சுக்கிட்டதுல ஈஸா கடவுளா நபியான்னு மட்டுந்தான் அடிச்சுக்கிட்டோம், அவங்க அம்மா புள்ளப் பெத்த கதைய நீ சொல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல.

எங்க பைபிள்ல அது ஒரே ஒரு வசனம் நூரு. லூக்கா ரெண்டாம் அதிகாரம், தலைமகனைப் பெத்தா, துணியில சுத்துனா, தீவனத் தொட்டியில கிடத்துனா, விடுதியில இடமில்ல, அவ்வளவுதான். மத்தேயு அது கூட சொல்லல. மாற்கும் யோவானும் பொறப்பையே எழுதல, யோவான் மாதாவோட பேரக் கூட எழுதல, ஏசுவின் தாய்னுதான் எழுதியிருக்காரு. உங்க குர்ஆன்ல மர்யம்ங்குற பேரு 34 தடவ வருதாம், வேற எந்தப் பொம்பள பேரும் அதுல இல்லையாம். நாங்க மாதா மாதான்னு உருகுறவங்க, எங்க புஸ்தகத்த விட உங்க புஸ்தகத்துல அவங்க பேரு ஜாஸ்தின்னு கேட்டதும் எனக்கு என்னவோ மாதிரி ஆயிருச்சு.

வீட்டுக்கு வந்து தமிழ்ல தேடிப் படிச்சேன். 19ஆவது சூரா, 22லருந்து 26 வரைக்கும். எத்தனை தடவ படிச்சேன்னு கணக்கில்ல. எங்க கதையில கூட சூசையப்பராச்சும் இருக்காரு, உங்கள்ல ஆளே இல்ல, வயித்துல புள்ளையோட எங்கயோ தூரமா ஒதுங்கிப் போறாங்க, வலி அவங்கள பேரீச்ச மரத்துத் தூருக்குக் கொண்டு போய் நிறுத்துது. மரத்தப் பிடிச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்றாங்க. "இதுக்கு முன்னாடியே நான் செத்துப் போயிருக்கக் கூடாதா, அடியோட மறந்து போன ஒண்ணா ஆகியிருக்கக் கூடாதா"ன்னு.

எங்க வீட்டுல மாதாவுக்கு வலியே இல்லன்னுதான் சொல்லிக் கொடுத்தாங்க. குடில்ல பாத்திருப்பல்ல, புள்ள பெத்த மறு நிமிஷம் முட்டி போட்டு கை கூப்பிக்கிட்டு இருப்பாங்க, நெத்தியில ஒரு வேர்வை இருக்காது. நம்ம பங்குச் சாமியார்கிட்ட கேட்டேன், பிரசவத்துல வராத வலி சிலுவையடியில வந்துச்சுன்னு பழைய காலத்துப் பிதாக்கள் எழுதியிருக்காங்கன்னாரு. அதோட பேரீச்ச மரம் எங்க பக்கத்துப் பழங்கதையிலயும் இருக்காம், பைபிள்ல இல்ல, அதுக்கு வெளிய. எகிப்துக்கு ஓடிப் போறப்ப மாதா களைச்சுப் போய் மரத்தடியில உக்காந்தாங்களாம், கைப்புள்ளை ஏசு சொல்லவும் மரம் வளைஞ்சு பழம் கொடுத்துச்சாம், வேர்லருந்து தண்ணி வந்துச்சாம். அதே மரம், அதே தண்ணி. எங்கள்ல புள்ள பொறந்து நாளாச்சு, உங்கள்ல புள்ள பொறக்குறப்பவே.

ஆனா அந்த வார்த்தை எங்கள்ல எங்கயும் இல்லடி. செத்துப் போயிருக்கக் கூடாதான்னு எங்க மாதா சொல்லவே இல்ல, சிலுவையடியில கூட நின்னாங்கன்னுதான் இருக்கு, வாயத் திறந்ததா இல்ல. உங்க மர்யம் சொன்னாங்க.

நீயும் அதைத்தான் அன்னைக்கு ராத்திரி போன்ல சொன்ன. "அவனுக்கு முன்னாடி நான் மவுத்தாகியிருக்கக் கூடாதா ஜெசி"ன்னு. பின்னாடி யாரோ ஒரு அம்மா சத்தம் போட்டாங்க, அப்படிச் சொல்லாத, ஈமான் போயிரும், அல்லாஹ்வோட முடிவ எதுத்துப் பேசுறியான்னு. நீ அப்படியே கப்சிப்னு ஆயிட்ட. அந்த அம்மா யாருன்னு எனக்குத் தெரியாது, ஆனா இந்த எட்டு மாசமும் அவங்க மேல எனக்கு ஆத்திரம் அடங்கல, இன்னும் அடங்கல.

அந்தப் பாட்டிகிட்ட இதையும் கேட்டேன், உன் பேரச் சொல்லல. மரணத்த ஆசைப்படக் கூடாதுன்னு நபி சொன்னதா ஹதீஸ் இருக்குறது உண்மைதான்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் டப்பா மூடியத் தடவிக்கிட்டே இருந்துட்டு, "ஆனா மர்யம் சொன்னத அல்லாஹ் குர்ஆன்ல வச்சிருக்கான்ல, எடுத்துப் போடலையே"ன்னாங்க. உலகத்துப் பொம்பளைங்களுக்கெல்லாம் மேல தேர்ந்தெடுத்தேன்னு அதே குர்ஆன் சொல்லுதே, அந்த மர்யம் சொன்ன வார்த்தை நூரு. அதுக்கு வந்த பதிலப் பாரு. ஏன் இப்படிச் சொன்னன்னு ஒரு அதட்டல் இல்ல. கீழருந்து ஒரு குரல், வானதூதர் ஜிப்ரீல்னு சிலரு, அந்தப் பச்சப்புள்ளையே பேசுச்சுன்னு சிலரு, கவலப்படாத, உனக்குக் கீழ ஒரு ஓடை இருக்கு, மரத்தப் பிடிச்சு உலுக்கு, பழம் விழும், சாப்பிடு, தண்ணி குடி, கண் குளிர்ந்திருன்னு. யாராச்சும் மனுஷங்க வந்தா இன்னைக்கு நான் யார் கூடவும் பேசுறதில்லன்னு ரஹ்மானுக்கு நோன்பு நேர்ந்திருக்கேன்னு சொல்லிருன்னு. பேசாம இருக்குறதுக்கு ஆண்டவனே உத்தரவு கொடுத்திருக்கான் பாரு. வர்ற போற ஜனத்துக்கெல்லாம் நீ பதில் சொல்ல வேண்டியதில்ல. அப்புறம் ஊருக்குள்ள போனப்ப கூட, உன் அப்பன் நல்லவன், உன் ஆத்தா நல்லவ, நீ ஏன் இப்படின்னு சுத்தி நின்னு ஏசுறாங்க, மர்யம் ஒரு வார்த்தை பதில் பேசல, புள்ளையக் கை காட்டுனாங்க, தொட்டில் புள்ள பேசுச்சு.

அது பேசுன முதல் வார்த்தை, நான் அல்லாஹ்வோட அடிமை. அங்கதான் நீயும் நானும் பிரியிறோம், அது எனக்குத் தெரியும். எனக்கு அவர் தேவகுமாரன், செத்து மூணாம் நாள் உயிர்த்தவர், அதுல நான் நகர மாட்டேன், நீயும் நகர மாட்ட, நகரவும் வேணாம். எல்லாம் ஒண்ணுதான்னு வத்சலா மாதிரி பூசி மெழுக எனக்கு வராது. ஆனா என் ஆறுதல உனக்குக் கொடுக்க முடியலையேன்னு எட்டு மாசமா வெறுங்கையா உக்காந்திருந்தேன்ல, உனக்கானது உன் சூராவுலயே இருந்திருக்கு, அத எனக்கு ஒரு பாட்டி பேரீச்சம்பழத்தோட கையில கொடுத்தாங்க. நீ சொன்னதுல தப்பில்ல நூரு. அந்த அம்மா என்ன வேணாலும் சொல்லட்டும்.

அனி அந்தப் பழத்த தின்னா. நர்ஸு விட்டாங்க. பாட்டியோட பேத்திக்கு அன்னைக்கு விடியக்காலைல பையன் பொறந்தான், பாட்டி என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க, பேரக் கூட கேக்க மறந்துட்டேன்.

டிசம்பர்ல நீ மதுரைக்கு வர்றன்னு அண்ணன் சொன்னாரு. அதுவரைக்கும் தாங்காது, வர்ற சனிக்கிழமை வைகைல டிக்கெட் போட்டுட்டேன், இந்தத் தடவ கேன்சல் இல்ல. பிரியாணி கிரியாணின்னு கிளம்பாத, ரசம் வை போதும், உன் நன்னிமா வைக்கிற மாதிரி பூண்டு நசுக்கிப் போட்டு. பேசணும்னு தோணலன்னா பேசாத, நான் உக்காந்திருக்கேன். தோணுச்சுன்னா, ரியாஸ் பொறந்த கதைய சொல்லு. அன்னைக்கு மழைன்னும் ஆட்டோ கோரிப்பாளையத்துல நின்னு போச்சுன்னும் பாதி சொன்ன, அதுக்குள்ள யாரோ வந்துட்டாங்க, மீதிய நீ சொல்லவே இல்ல.

ஜெசி