லாம்டா இன்னும் பாடத்தில் இருக்கிறது

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டானா? இனி உன் வீட்டில் எந்தப் பொருளும் வைத்த இடத்தில் இருக்காது. என் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, விடு.

இன்னும் லாம்டா ஃபேஜ் என்ற அந்தப் பாக்டீரியா வைரஸைத்தான் வகுப்பில் நடத்துகிறாயா என்று கேட்டிருந்தாய். அதையேதான். போன வாரம் ஒரு பெண் எழுந்து, "ஜீனோம் முழுக்கக் கம்ப்யூட்டரில் இருக்கும்போது இது எதற்கு மேடம்?" என்றாள். நியாயமான கேள்விதான். பாடநூல் ஈ.கோலை பாக்டீரியாவின் கேல், பயோ என்ற இரண்டு மரபணு இடங்களோடு நிறுத்திவிடுகிறது. லாம்டா அந்த இரண்டுக்கும் நடுவில் உட்காரும், கிளம்பும்போது எப்போதாவது தப்பாக வெட்டிக்கொண்டு பக்கத்து மரபணுவையும் இழுத்து வரும். 1956-இலேயே தெரிந்த சங்கதி, எனக்கே கொட்டாவி வரும்.

அதனால் எடின்பரோ கதையைச் சொன்னேன். ஈ.கோலை மரபணு வரைபடத்தில் (அதில் தூரத்தை நிமிடத்தில்தான் சொல்வார்கள்) 2-ஆம் நிமிடத்தருகே செல் சுவர், செல் பிரிதல், வெளிச்சவ்வு மரபணுக்கள் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அந்தத் துண்டைச் சுமந்த லாம்டா ஒன்று அங்கே லட்கென்ஹாஸ், டோனகி என்ற ஆய்வாளர்கள் கையில் இருந்தது. ஒரு மரபணு பழுதாகி, 42 டிகிரி சூட்டில் பிரியாமல் நூலாக நீளும் செல்லுக்குள் அதை அனுப்பு. செல் பிரியத் தொடங்கினால், பழுதான மரபணுவின் நல்ல பிரதி அந்தத் துண்டில் இருக்கிறது. துண்டைக் குறைத்துக் குறைத்துப் பார்த்ததில், எஃப்டிஎஸ்ஏ என்ற செல் பிரிதல் மரபணுவில் என்று நினைத்திருந்த ஒரு பழுது பக்கத்திலிருந்த வேறொரு மரபணுவுடையது என்று 1980-இல் தெரிந்தது. அதுதான் எஃப்டிஎஸ்இசட்! பக்கத்திலிருக்கும் என்வ்ஏ மரபணு, வெளிச்சவ்வின் லிப்பிட் ஏ என்ற கொழுப்பைத் தயாரிக்கும் நொதிக்கானது என்று பின்னால்தான் புரிந்தது.

எனக்குப் பிடித்தது புரதம் பார்க்கும் முறை. செல்லின் டிஎன்ஏ-வைப் புற ஊதா ஒளியில் சிதைத்துவிடுவார்கள். புரதம் செய்யும் ரைபோசோம் மட்டும் வேலைக்குத் தயாராக இருக்கும். உள்ளே ஏற்கெனவே லாம்டாவின் அடக்கி என்ற தடுப்புப் புரதம் இருப்பதால் ஃபேஜின் சொந்த மரபணுக்கள் பெரும்பாலும் வாய் திறக்காது. கதிரியக்க மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை ஊற்றி, புரதங்களை ஜெல்லில் ஓட்டினால், சுமந்து வந்த துண்டின் புரதங்கள்தான் பட்டைகளாகப் பிலிமில் கறுக்கும். ஜீனோம் கோப்பு வரிசையைச் சொல்லும். எந்த மரபணு பழுதென்று உறுதிசெய்ய இன்றும் நல்ல பிரதியை உள்ளே விட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றேன். அவள் பாதிதான் ஒப்புக்கொண்டாள்.

அப்புறம், உன் பழைய பிலிம்களை எடைக்குப் போட்டுவிட்டாயா? இருந்தால் ஒன்றிரண்டு அனுப்பு, வகுப்பில் காட்டுகிறேன்.

உன்,
சாந்தி