அக்காவுக்கு, பாலை விட்ட பிறகு

அக்கா,

பாலையும் விட்டுவிட்டேன். தயிர், வெண்ணெய், முட்டை எதுவும் இல்லை. நேற்றோடு ஒரு வருடம். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ ஜெயித்ததாகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

இறைச்சியை நிறுத்திய கதை உனக்குத் தெரியும். அந்த ராத்திரி நீ கேட்டது எனக்குள் எத்தனை வருடம் கிடந்தது என்பதுதான் தெரியாது. உன் தட்டிலிருந்த இறைச்சியைப் பார்த்துவிட்டு நான் எழுந்தேன், கையில் பால் டம்ளர். நீ தலை நிமிராமலே கேட்டாய்: "அந்தப் பாலைக் குடிக்க வேண்டிய கன்று எங்கேடி?" அப்புறம் பேசியதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. நம் வீட்டாரும் படிப்பார்கள்.

பதில் தெரிந்திருந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது. கன்று ஈனாமல் மாடு கறக்காது. கறவை நிற்காமலிருக்க மறுபடி மறுபடி சினையாக்க வேண்டும். பெரிய பண்ணைகளில் பிறந்த ஓரிரு நாளிலேயே கன்றைப் பிரித்துவிடுகிறார்கள். காளைக்கன்றுக்கு அங்கே வேலையே இல்லை. 20 வருடம் வாழக்கூடிய மாடு, கறவை குறைந்ததும் ஐந்தாறு வயதிலேயே வெட்டுக்குப் போகிறது. முட்டைக்காக வளர்க்கும் இனத்தில் சேவல் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொல்கிறார்கள். ஜெர்மனி 2022இல் இதைத் தடை செய்த செய்தியைப் படித்தபோதுதான், 'கொல்லாமல் கிடைப்பது' என்று நான் சொல்லி வந்தது பொய் என்று ஒத்துக்கொண்டேன். உன் தட்டும் என் டம்ளரும் ஒரே கொட்டகையிலிருந்து வந்தவை.

உன்னைக் கொலைகாரி என்றேன். மன்னித்துவிடு. எனக்காகத் தனிப் பாத்திரம் வைத்து, கரண்டி மாறினால் கழுவிவிட்டுத் தொட்டவள் நீ. என் விரதத்தை என்னைவிடக் கவனமாகக் காத்தாய். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நான் பாதி வழியில் நின்றிருந்தேன், சரி. கிளம்பவே கிளம்பாத நீ என்னைக் கேட்டதுதான் இன்னும் உறுத்துகிறது.

தாவர உணவில் பி12 வைட்டமின் கிடைக்காதே என்று கவலைப்படுவாய். மாத்திரை போடுகிறேன். காப்ஸ்யூல் வேண்டாமென்றேன், அதன் உறை பெரும்பாலும் மாடு, பன்றி போன்றவற்றின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின்.

சண்டைக்காகக் கேட்கவில்லை அக்கா. அன்று என்னை மடக்கத்தான் கேட்டாயா, இல்லை அந்தக் கன்றை நீயும் நினைத்துப் பார்த்திருந்தாயா? நினைத்திருந்தால், எப்படி உன்னால் தொடர்ந்து சாப்பிட முடிந்தது?