அப்பாவுக்கு, ஷ்டுட்கார்ட்டிலிருந்து

ஷ்டுட்கார்ட், ஜெர்மனி,
டிசம்பர் 7, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, வள்ளி எல்லோருடைய நலமும் அறிய ஆவல்.

உங்கள் கடிதம் கைக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. டீச்சரக்கா மகன் மறக்காமல் பார்சலை அனுப்பிவைத்தான். அப்பளக் கட்டுக்கும் பருப்புப்பொடிக்கும் இடையில், எண்ணெய் படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தீர்கள். மூன்று பக்கம். நானோ நாலு மாதமாக ‘டியூட்டி, அப்புறம் பேசுறேன்’ என்று மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன். 34 வருடம் ஊர் முழுக்கக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்த உங்களுக்கு, பெற்ற மகள் கடிதம் போடாமல் இருந்தது தப்பு அப்பா. இன்று டியூட்டி இல்லை. எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். குரூப் 4-க்குப் படிக்க ஏதோ ஆப்புக்கு வருடச் சந்தா 2,400 ரூபாய் வேண்டும் என்கிறாள் வள்ளி, கட்டலாமா என்று எழுதியிருந்தீர்கள். கட்ட வேண்டாம். காசே வாங்காமல் ‘ஆங்கி’ என்று நல்லதாக ஒன்று இருக்கிறது. நானும் என் நர்சிங் தேர்வுக்கு அதை வைத்துத்தான் படிக்கிறேன். அவளிடம் போனில் சொன்னால் ‘சரிக்கா, சரிக்கா’ என்று வைத்துவிடுவாள். அதனால் உங்களுக்கே விவரமாக எழுதுகிறேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் கேட்பாள்.

அது வேலை செய்கிற விதத்தை எனக்குப் புரியவைத்தது கீழ்வீட்டு ஆச்சி. அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேனே, ஊதா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தவர், அவர்தான். இந்தப் பக்கத்தில் ‘கேர்வோகெ’ என்று ஒரு வழக்கம் உண்டு. கட்டடத்தில் இருப்பவர்கள் வாரம் ஒருவராக மாடிப்படியும் வாசலும் கூட்ட வேண்டும். யார் முறையோ அவர்கள் கதவில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டுவிடுவார்கள். வந்த புதிதில் அது என்னவென்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் ஆச்சி விளக்குமாற்றோடு வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். எனக்குக் கற்றுக்கொடுத்து, கூடவே இரண்டு மாடியும் கூட்டினார். 81 வயது அப்பா. இப்போது வெந்த பயறு செய்தால் எனக்கும் ஒரு கிண்ணம் வரும். பயற்றோடு ‘ஷ்பெட்ஸ்லெ’ என்று ஒரு மாவுப் பண்டம். இடியாப்பத்தைத் தடித்தடியாகப் பிய்த்துப் போட்டது மாதிரி இருக்கும். எனக்காகத் தொத்திறைச்சியை எடுத்துவிட்டுக் கொடுப்பார். வினிகர் ஊற்றிய பயறு. முதல் வாயில் முகம் சுளித்தேன், இப்போது பிடித்துப்போய்விட்டது. நம் பருப்புப்பொடியைத் தூவிக்கொண்டால் இன்னும் நன்றாக இருக்கிறது.

அந்த ஆச்சி மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் தேர்வுக்குப் படித்த மரப்பெட்டியை இன்னும் வைத்திருக்கிறார். நீளப் பெட்டி, உள்ளே ஐந்து அறை. பார்த்ததும் உங்கள் ஞாபகம்தான் வந்தது, தபாலாபீஸில் கடிதம் பிரிக்கிற அறைகள் மாதிரி. சின்ன அட்டையில் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். எல்லா அட்டையும் முதல் அறையில் தொடங்கும். பதில் சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும். தப்பினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், தள்ளிப்போகப் போக நாள் இடைவெளி கூடும். விலாசம் தெரிந்த கடிதம் போய்ச் சேரும், தெரியாதது ஆபீஸுக்கே திரும்பும், அவ்வளவுதான். செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் 1972-ல் எழுதிப் பரப்பிய முறை இது. அதற்கும் முன்னால், 1885-லேயே எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன்காரர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து புத்தகம் போட்டிருக்கிறார். மறதி முதல் நாளில்தான் வேகமாக ஓடுகிறது. மறக்கப்போகிற நேரம் பார்த்துத் திரும்பப் பிடித்தால், அடுத்த தடவை மெதுவாகத்தான் மறக்கும்.

இந்தப் பெட்டி வேலையைப் போனில் செய்கிற ஆப்தான் நான் சொன்ன ஆங்கி (Anki). ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று அர்த்தம். டாமியன் எல்ம்ஸ் என்பவர் 2006-ல் வெளியிட்டது. கம்ப்யூட்டரில் இலவசம். வள்ளியிடம் இருக்கிற மாதிரி ஆண்ட்ராய்டு போனில் ‘ஆங்கிட்ராய்டு’ (AnkiDroid) என்று இருக்கும், அதுவும் இலவசம். ஐஃபோனுக்கு மட்டும் சுமார் 25 டாலர். நான் போன் மாற்றாமல் பழைய ஆண்ட்ராய்டையே வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நன்றாகவே வேலை செய்கிறது, புதுப் போனுக்குப் பணம் அனுப்பட்டுமா என்று இனிமேல் கேட்காதீர்கள். ஒன்று மட்டும் கவனம். ஏறக்குறைய இதே பெயரில் வேறு ஆப்களும் காசு கேட்டுக்கொண்டு நிற்கும். எழுத்துக் கூட்டிப் பார்த்து இறக்கச் சொல்லுங்கள்.

வந்த புதிதில் நானும் விளம்பரம் பார்த்து வேறொரு ஆப்பில் சேர்ந்தேன். ஏழு நாள் இலவசம் என்றது. எட்டாம் நாள் ஒரு வருடத்துப் பணமும் மொத்தமாகப் போய்விட்டது. பெரிய தொகை இல்லை, அந்த மாதம் கொஞ்சம் இடித்தது, அவ்வளவுதான். அதைவிட வருத்தம், அதில் நான் செய்த 300 அட்டையை வெளியே எடுக்கவே வழியில்லை. அதனால் எந்த ஆப்பாக இருந்தாலும் இரண்டு விஷயம் முதலில் பார்க்க வேண்டும்: நெட் இல்லாமல் ஓடுமா, நாம் எழுதியதை நாம் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா. நம் வீட்டில் பின்கட்டுக்குப் போனால் சிக்னல் கிடையாது. ஆங்கி இரண்டுக்கும் சரிவரும்.

குறிப்பு எடுக்கிற ஆப்களும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்நோட் காசில்லாதது, படம் ஒட்டலாம். அப்சிடியன் எழுதியதையெல்லாம் சாதாரணக் கோப்பாக நம் போனிலேயே வைக்கும். நோஷன் பார்க்க அழகு. அந்த அழகில் மயங்கி மூன்று வாரம் தலைப்புக்கு நிறம் மாற்றினேன், பாடம் உள்ளே ஏறவில்லை. வள்ளிக்கு இதெல்லாம் வேண்டாம் அப்பா. ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் புத்தகத்தைப் படித்து, நோட்டில் கையால் எழுதட்டும். எழுதியதில் மறக்கிற விஷயத்தை மட்டும் அட்டையாக்கட்டும்.

ஐயாயிரம் அட்டை ரெடிமேடாகக் கிடைக்கிறதாம், அதை வாங்கலாம் என்றாளாமே. வேண்டவே வேண்டாம். நானும் யாரோ செய்த நர்சிங் அட்டைகளை இறக்கிப் பார்த்தேன், ஒன்றும் தங்கவில்லை. அட்டையைச் செய்கிறபோதுதான் பாதி படிப்பு நடக்கிறது. ஒரு அட்டையில் ஒரே கேள்வி இருக்க வேண்டும். ‘ஐந்திணைகளின் சிறுபொழுதுகளை எழுதுக’ என்று ஒரே அட்டை போட்டால் நாலு சொல்லி ஒன்று விடும், எது விட்டது என்று மனசில் பதியாது. ‘முல்லைக்குச் சிறுபொழுது?’ மாலை. ‘வைகறை எந்தத் திணைக்கு?’ மருதம். இப்படி முன்னும் பின்னுமாகப் பத்து அட்டை போடட்டும். தேர்வில் 200 கேள்வியில் 100 தமிழ். அவளுக்குத் தமிழ் நன்றாக வரும், அதை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளட்டும். தினமும் 20 புது அட்டை என்று ஆப் தானாக வைத்திருக்கும், அதை 10 ஆகக் குறைக்கச் சொல்லுங்கள். இன்று பார்த்த பத்தும் நாளையே திரும்பி வரும், கூடிக்கொண்டே போகும். அக்டோபரில் எனக்கு ஒன்பது நைட் டியூட்டி தொடர்ந்து வந்தது. பத்தாம் நாள் திறந்தால் 640 அட்டை காத்திருந்தது. புதுசை நிறுத்திவிட்டு, தினம் நூறு நூறாகப் பார்த்துத்தான் கரையேறினேன். கல்யாண வீடு, திருவிழா என்றாலும் பத்து நிமிஷம் திறக்கச் சொல்லுங்கள்.

என் தேர்வைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் ஊர் நர்சிங் படிப்பை இங்கே அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. குறைகிற பாடத்துக்குப் பயிற்சியில் சேர வேண்டும், இல்லாவிட்டால் தேர்வு கொடுக்க வேண்டும். நான் தேர்வுதான் எடுத்திருக்கிறேன். வாயால் பதில் சொல்ல வேண்டும், வார்டில் நோயாளியை வைத்துச் செய்துகாட்டவும் வேண்டும். அதுவரை உதவியாளர் வேலைதான். சம்பளத்திலும் சின்ன வித்தியாசம் உண்டு. நீங்கள் கவலைப்படுகிற அளவுக்கு இல்லை. டியூட்டி முடிந்து நேரே நகர நூலகத்துக்குப் போய்விடுவேன். 2011-ல் திறந்த வெளிர்சாம்பல் நிறக் கட்டடம், உள்ளே மாடி மாடியாகப் புத்தகம். கட்டியவர் கொரியாவில் பிறந்தவர். வெளிச்சுவரில் நூலகம் என்ற சொல்லை நாலு மொழியில் எழுதியிருக்கிறார்கள், அதில் கொரிய மொழியும் ஒன்று. நாலரைக்கே இருட்டிவிடுகிறது. நூலகம் நல்ல கதகதப்பு, அதனால் வீட்டில் ஹீட்டரைக் குறைத்தே வைத்திருக்கிறேன். அதிகச் சூடு எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

வைத்தியத்தைவிடப் பாடுபடுத்துவது மொழிதான். நமக்குக் கரண்டியும் கத்தியும் அஃறிணை, முடிந்தது. இங்கே கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமில்லாத பால். ரத்த அழுத்தம் ஆண், ஊசி பெண், காய்ச்சல் இரண்டுமில்லை. ஏன் என்று கேட்டால் காரணமே கிடையாது. நம் வீட்டை வைத்துத்தான் இதைப் பிடித்தேன் அப்பா. ஆண்பால் சொல்லையெல்லாம் உங்கள் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினேன். பெண்பால் எல்லாம் அம்மாவின் அடுக்களையில். இரண்டுமில்லாதது எல்லாம் திண்ணையில். நான் புறப்பட்ட அன்று விடிகாலையில் மூன்று இடத்தையும் போட்டோ எடுத்தேன் இல்லையா, அந்தப் படம்தான் அட்டைகளில் இருக்கிறது. கட்டிலைத் திருப்பினால் திண்ணை, ரத்தத்தைத் திருப்பினால் திண்ணை. ட்ராமில் போகும்போது ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது நம் திண்ணையைப் பார்க்கிறேன். தாத்தா சாய்ந்து சாய்ந்து வழுவழுப்பான அந்தத் தூண், அம்மா போட்ட கோலத்தின் ஓரம், உங்கள் செருப்பு எல்லாம் அதில் இருக்கிறது.

போன வாரம் ஆச்சி என் முகத்தைப் பார்த்து ‘ஹைம்வே’யா என்று கேட்டார். எனக்குச் சொல் தெரியவில்லை. வீடு என்கிற சொல்லோடு வலி என்கிற சொல்லைச் சேர்த்திருக்கிறார்கள். ராத்திரி அட்டை போடலாம் என்று பார்த்தால், அதுவும் இரண்டுமில்லாத பால். திண்ணைப் படத்தைத்தான் வைக்க வேண்டும். வைத்தேன். அன்றைக்கு அதற்கு மேல் படிக்க முடியவில்லை அப்பா.

அதற்கு முன்பே உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தைப் படித்திருந்தேன். திண்ணையை இடித்துக் கடையறை கட்டலாம், மாதம் 4,000 வாடகை வரும் என்று சித்தப்பா சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சித்தப்பா நம் நல்லதுக்குத்தான் சொல்வார், தெரியும். வள்ளி கல்யாணத்தை நினைத்துத்தான் நீங்களும் யோசிப்பீர்கள். ஆனாலும் திண்ணையை விட்டுவிடுங்கள். மேற்குப் பக்கம் மாட்டுக்கொட்டகை சும்மாதானே கிடக்கிறது, அதுவும் தெருவைப் பார்த்துத்தான் இருக்கிறது. அகலம் எவ்வளவு என்று டேப் பிடித்துப் பார்த்து எழுதுங்கள். பத்தடி இருந்தால் கடைக்குப் போதும். அந்தச் சுவர் பெரியப்பா பங்கோடு ஒட்டியிருப்பதால் அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பிறகு பட்டா, அளவு என்று பேச்சு வரக்கூடாது.

இந்த மாதம் 6,000 ரூபாய் குறைவாக அனுப்பியிருக்கிறேன். வீட்டு ஹீட்டிங் கணக்கை வருடக் கடைசியில் பார்த்து மிச்சத்தைக் கேட்பார்கள், இந்த ஒரு தடவைதான். அம்மா சங்கிலியின் அடகுத் தவணை ஜனவரி 20 என்று ஞாபகம். மீட்க முடியாவிட்டாலும் வட்டியைக் கட்டி மறுவைப்பு வைத்துவிடுங்கள், ஏலத்துக்குப் போக விடாதீர்கள். மார்ச்சில் நான் பார்த்துக்கொள்கிறேன். அம்பாசமுத்திரத்து வரனை வள்ளி தேர்வு முடிகிற வரை பேச வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை 240 என்று எழுதிவிட்டு, வெறும் வயிற்றிலா சாப்பிட்ட பிறகா என்று எழுதவில்லை. அதையும் கண் டாக்டரிடம் எந்தத் தேதிக்குப் போகிறீர்கள் என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அங்கே கண்ணில் மருந்து விடுவார்கள், வெயிலில் கண் கூசும். சைக்கிளில் வைத்துக் கூட்டிக்கொண்டு வராதீர்கள், ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகள்