மயக்க மருந்து பற்றிக் கேட்டாயாமே

அன்புள்ள தம்பிக்கு,

பாப்பா போன வாரம் பேசும்போது, நடுவில் சும்மா கேட்பது போல, "நம்ம குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காம போயிருக்காம்மா?" என்றாள். யாருக்காவது காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா, பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காமல் வந்திருக்கிறதா என்றும் கேட்டாள். அவளுக்கு இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் தானாக வராது. ஏதோ படிவத்தைப் பார்த்துப் படிக்கிற மாதிரி வரிசையாகக் கேட்டாள். கேட்கச் சொன்னது நீதான் என்று புரிந்துகொண்டேன். போனில் நீ இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறாய், அதனால் பதிலை உனக்கே எழுதுகிறேன். முழுவதும் படி.

காலில் ரத்தம் கட்டியது யாருக்கும் இல்லை. பல் பிடுங்கி ரத்தம் நிற்காமல் போனதும் இல்லை. ஆனால் மயக்க மருந்து விஷயம் இருக்கிறது. பெரிய மாமாவுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் நடந்தபோது, முடிந்த பிறகு அவர் தானாக மூச்சு விடவில்லை. பல மணி நேரம் வெண்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். தொண்டையில் குழாய் போடுவதற்கு முன்னால் தசைகளைத் தளர்த்த சக்சினில்கோலின் என்று ஒரு ஊசி போடுவார்களாம். மற்றவர்களுக்கு அதன் வேகம் பத்து நிமிஷத்துக்குள் இறங்கிவிடும். அதை உடைக்கிற ஒரு என்சைம் மாமாவின் ரத்தத்தில் குறைவு. அதனால் அந்த மருந்து இறங்கவே இல்லை. கொஞ்ச நேரம் அவருக்குச் சுற்றிப் பேசுவதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது, கண்ணைத் திறக்கத்தான் முடியவில்லை. அத்தை இன்றைக்கும் அதைப் பேச விடமாட்டாள், உனக்கே தெரியும்.

இது குடும்பத்தில் வரக்கூடியது. அப்பா அன்றைக்கே உங்கள் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார். நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், காதில் விழுந்திருக்காது. சரி, இப்போது கேட்டுக்கொள். சூடோகோலினெஸ்டரேஸ் என்ற அந்த என்சைமின் அளவை ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். நீ எங்கே போவதாக இருந்தாலும், எந்தத் தேதியாக இருந்தாலும், முதலில் அதைப் பார்த்துவிடு. குறைவாக இருந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. வேறு மருந்து இருக்கிறது, முன்கூட்டியே தெரிந்தால் மாற்றிக்கொள்வார்கள். ஆபரேஷன் செய்கிற டாக்டரிடம் சொன்னால் போதாது. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரிடம், நேராக, உன் வாயால் சொல். எழுதியும் கொடு.

கேட்ட கேள்விக்குப் பதில் முடிந்தது. ஆனால் இதோடு நிறுத்த என்னால் முடியவில்லை.

பாப்பாவைத் திட்டாதே. நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். கொரியாவில் சியோல் என்றாள். இரண்டு தாடைக்கும் ஆபரேஷன் என்றாள். பத்து நாள் லீவு என்றாள். அதற்கு மேல் அவளுக்கே தெரியவில்லை. அவளிடம் சொல்ல முடிந்தது உனக்கு என்னிடம் சொல்ல முடியவில்லை என்பது எனக்கு வருத்தம்தான், மறைக்க மாட்டேன். நான் கத்துவேன் என்று நினைத்திருப்பாய். "கடவுள் கொடுத்த முகம்" என்று சித்தி ஆரம்பித்துவிடுவாள் என்று நினைத்திருப்பாய். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை.

பள்ளிக்கூடத்தில் உன்னை என்ன பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். குரூப் போட்டோவில் எப்போதும் கையைத் தாடையில் வைத்துக்கொண்டு நிற்பாய். சித்தி கல்யாண ஆல்பம் முழுக்க அப்படித்தான். உன் முன்பற்கள் மேலும் கீழும் சரியாகச் சேராமல், எதையும் ஓரப்பல்லால் கடித்துக்கொண்டிருந்ததை தினமும் எதிரே உட்கார்ந்து பார்த்தவள் நான். "எலும்பு வளர்ந்து முடியட்டும், அப்புறம் ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம்" என்று அந்தப் பல் டாக்டர் சொன்னதும் நினைவிருக்கிறது. அதனால் இது உன் விளையாட்டுத்தனம் என்று நான் நினைக்கவில்லை. சொந்தச் சம்பளத்தில், ஒருவரிடமும் கை நீட்டாமல் சேர்த்திருக்கிறாய் என்று பாப்பா சொன்னபோது, கோபத்துக்கு நடுவிலும் எனக்குப் பெருமையாக இருந்தது. எந்தக் காரியத்தையும் நீ அப்படித்தான் செய்வாய்.

ஆனால் தம்பி, இது பல் கட்டுகிற விஷயம் இல்லை. மேல் தாடையையும் கீழ் தாடையையும் அறுத்துப் பிரித்து, நகர்த்தி, டைட்டானியம் தகடும் திருகும் வைத்துப் பிடிப்பார்கள். கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருகிற நரம்பு ஓடுகிறது. ஆபரேஷன் ஆனதும் அநேகமாக எல்லோருக்கும் அந்த இடம் மரத்துப் போகும். பலருக்கு மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும், சிலருக்கு முழுதாகத் திரும்பாமலே போய்விடும். கீழ்த்தாடையைப் பின்னால் தள்ளினால் மூச்சுப் பாதை கொஞ்சம் குறுகும். தூக்கத்தில் மூச்சு அடைபடுகிற தொந்தரவு அதனால் வரலாம். சின்ன வயதிலிருந்தே நீ குறட்டை விடுவாய். அதை அவர்கள் கேட்டார்களா? நீயாகவாவது சொன்னாயா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். உன் பல் எப்படிச் சேர்கிறது என்று யார் பார்த்தார்கள்? தாடை நகர்ந்தால் பல்லும் நகரும். வழக்கமாக ஒரு வருஷத்துக்கும் மேலாக கிளிப் போட்டுப் பல்லை ஒழுங்குபடுத்திவிட்டு அப்புறம் ஆபரேஷன் செய்வார்கள். முதலில் ஆபரேஷன், பிறகு கிளிப் என்ற முறையும் இருக்கிறது, கொரியாவில் அது நிறைய நடக்கிறது என்று படித்தேன். தவறு என்று சொல்லவில்லை. ஆனால் நீ திரும்பி வந்த பிறகு அந்தக் கிளிப்பை யார் போடுவார்கள், மாதா மாதம் யார் பார்ப்பார்கள்? ஒருவர் தொடங்கிய வேலையை இன்னொரு டாக்டர் கையில் எடுக்கவே தயங்குவார். அதற்கு ஆள் பார்த்து வைத்துவிட்டுத்தான் தேதி வாங்கினாயா? முகம் அழகாகி, பல் சேராமல் போனால், நீ பட்ட பாடெல்லாம் எதற்கு?

இதைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குத் தூக்கம் போய்விட்டது. அதிலும் ஒன்று மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. 2016-இல், கல்லூரியில் படித்த ஒரு பையன் சியோலில் தாடை ஆபரேஷனுக்குப் போனான். பெரிய டாக்டர் செய்வார் என்று நம்பித்தான் படுத்திருக்கிறான். அவர் பாதியில் எழுந்து வேறு அறைக்குப் போய்விட, அனுபவமில்லாத இன்னொருவர் மிச்சத்தைச் செய்தார். ரத்தம் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் காலம் கடந்துவிட்டது. சில வாரங்கள் நினைவில்லாமல் கிடந்து அந்தப் பிள்ளை போய்விட்டான். அவன் அம்மா ஆபரேஷன் அறையின் கேமராப் பதிவை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்து, யார் எப்போது உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள், எவ்வளவு ரத்தம் போனது என்று தானே குறிப்பெடுத்திருக்கிறாள். பாராளுமன்றத்தின் முன்னால் அட்டை பிடித்துக்கொண்டு நாள்கணக்காக நின்றிருக்கிறாள். அந்தப் பெரிய டாக்டருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. 2021-இல் சட்டம் வந்தது, 2023 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. நோயாளி நினைவிழந்து இருக்கும் ஆபரேஷன் அறையில் கேமரா இருக்க வேண்டும் என்று.

ஆனால் நன்றாகக் கேள். நோயாளியோ, கூட வந்தவரோ கேட்டால்தான் பதிவு செய்வார்கள். கேட்காவிட்டால் கேமரா சும்மா இருக்கும். நீ கேள். ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் கேள். அந்தத் தாய் வாங்கிக் கொடுத்த உரிமை அது, அதை விட்டுவிடாதே.

உன்னோடு சாட்டில் பேசுகிறவர் டாக்டரா? பாப்பா காட்டிய ஸ்கிரீன்ஷாட்டில் பூவும் இதயமும் போட்டு "இந்த வாரத்துக்குள் உறுதி செய்தால் சலுகை" என்று இருந்தது. டாக்டர் அப்படிப் பேச மாட்டார். அங்கே ஆலோசகர் என்று விற்பனைக்காகவே ஆள் வைத்திருப்பார்கள். என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்து சொல்லிவிட்டு, டாக்டரைக் கடைசியில் சில நிமிஷம்தான் காட்டுவார்களாம். நீ தாடை மட்டும் கேட்டிருப்பாய், மூக்கையும் சேர்த்துச் செய்யலாம் என்பார்கள். வேண்டாம் என்று சொல். அந்த நாட்டில் டாக்டர் உரிமம் இருக்கிற யாரும் அழகு ஆபரேஷன் செய்ய சட்டம் தடுக்கவில்லை. அதனால் உனக்குச் செய்யப்போகிறவர் பிளாஸ்டிக் சர்ஜரியிலோ, வாய் முகத்தாடை அறுவையிலோ சிறப்புப் பட்டம் பெற்றவரா என்று பெயரைச் சொல்லிக் கேள். வெளிநாட்டு நோயாளிகளைச் சேர்க்க அந்த இடமும், உன்னை அனுப்புகிற ஏஜென்டும் அந்த நாட்டு அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் கேள். மயக்க மருந்து டாக்டர் அங்கேயே வேலை செய்கிறவரா, ஆபரேஷன் முடியும்வரை உன் பக்கத்தில் இருப்பாரா என்று கேள். ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும், எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரத்தில் கொண்டுபோவார்கள் என்று கேள். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிற இடமாக இருந்தால் முன்பணம் போனாலும் பரவாயில்லை, எழுந்து வந்துவிடு. படிவம் புரியாத மொழியில் இருந்தால் கையெழுத்துப் போடாதே. அவர்களுடைய மொழிபெயர்ப்பாளரை மட்டும் நம்பாதே.

பத்து நாள் லீவு போதாது. பெரிய ஆபரேஷன் முடிந்த உடனே நீண்ட நேரம் விமானத்தில் உட்கார்ந்தால் காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகிற ஆபத்து அதிகம். உன் படிவத்தில் அந்தக் கேள்வி இருந்தது அதற்காகத்தான். மேல் தாடையைத் தொட்டால் சைனஸும் சேர்ந்து புண்ணாக இருக்கும். மூக்கைச் சிந்தக்கூடக் கூடாது என்பார்கள், அப்போது விமானத்தில் ஏறி இறங்கினால் என்ன ஆகும்? முகம் வீங்கி, வாயை ரப்பரால் கட்டி, வாரக்கணக்கில் திரவமாகத்தான் சாப்பிட வேண்டியிருக்கும். முகத்தின் முடிவான வடிவம் தெரியவே பல மாதம் ஆகும். லீவை நீட்டிக் கேள். பயணக் காப்பீடு இந்த மாதிரி ஆபரேஷனுக்கும் அதனால் வருகிற சிக்கலுக்கும் பொதுவாகப் பணம் தராது, அதையும் படித்துப் பார். திரும்பும்போது ஸ்கேன், ஆபரேஷன் குறிப்பு, என்ன தகடு வைத்தார்கள் என்ற விவரம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் வாங்கி வா. நீ சிகரெட் பிடிப்பதும் எனக்குத் தெரியும். நிறுத்து. எலும்பு கூடுவதையும் புண் ஆறுவதையும் அது கெடுக்கும்.

உன்னிடம் ஒன்று மெதுவாகக் கேட்கிறேன், கோபப்படாதே. தாடை சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறாயா, அல்லது தாடை சரியானால் தாடை சரியாகும் என்று நினைக்கிறாயா? இரண்டாவது என்றால் நான் உன் பக்கம். முதலாவது என்றால், போவதற்கு முன் ஒரு மனநல மருத்துவரிடம் ஒருமுறை பேசு. தன் முகத்தில் ஒரு குறையையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிற மனநிலை சிலருக்கு வரும். அவர்களுக்கு ஆபரேஷன் செய்தாலும் நிம்மதி வராது, அடுத்த குறை கண்ணில் படும். வீடியோ காலில் தேதி கொடுக்கிறவர்கள் இதையெல்லாம் கேட்க மாட்டார்கள்.

வேறு செய்தி என்ன எழுதுவது? பாப்பாவுக்குத் தேர்வு முடிவு வந்தது, நல்ல மார்க், அவளே சொல்லியிருப்பாள். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. அவருக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நீதான் சொல்ல வேண்டும். ஒருநாள் முழுக்கப் பேசமாட்டார், அப்புறம் வந்து டாக்டர் பெயரைக் கேட்பார், உனக்கு அவரைத் தெரியாதா?

தனியாகப் போகாதே. அந்தப் பையனும் தனியாகத்தான் போனானா என்று எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றுகிறது. மயக்கம் தெளியும்போது பக்கத்தில் ஒருவர் வேண்டும். வாயைக் கட்டியிருக்கும்போது உனக்குப் பதிலாகப் பேச ஒருவர் வேண்டும். ராத்திரி வாந்தி வந்தால் ரப்பரை வெட்டிவிட ஒருவர் வேண்டும். நண்பன் வருகிறான் என்று சொல்வாய். வரட்டும், நல்ல பையன்தான். நானும் வருகிறேன். மொழி தெரியாது என்பாய். கேமராவைப் போடச் சொல்வதற்கும், மாமாவுக்கு என்ன நடந்தது என்று மயக்க டாக்டரிடம் சொல்வதற்கும் எனக்கு எவ்வளவு மொழி வேண்டும்? எழுதி எடுத்து வருகிறேன். உன் முகத்தைப் பார்த்து நான் அழ மாட்டேன், நீ எதையாவது செய்யும்போது குறுக்கே நிற்கவும் மாட்டேன்.

மாமாவின் பழைய டிஸ்சார்ஜ் ரிப்போர்ட்டை அத்தையிடம் கேட்டிருக்கிறேன். எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை. வந்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், உன் படிவத்தோடு சேர்த்துவிடு. ரத்தப் பரிசோதனையை இந்த வாரமே செய், ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்பு. என் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், இன்னும் காலாவதியாகவில்லை. விசாவுக்கு என்ன வேண்டும் என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். தேதியை பாப்பாவிடம் சொல்லாதே, என்னிடம் சொல்.

அம்மா